லோம்பார்டி இழுப்பறைப் பெட்டி: மரப்பதிப்பு மேற்பலகையின் சீரமைப்புக் குறிப்பு

பட்டறைக்கு வந்த இழுப்பறைப் பெட்டியோடு ஒரு பெயரும் சேர்ந்தே வந்தது. மிலானுக்கு வடமேற்கே உள்ள பராபியாகோவில் 1738இல் பிறந்து 1814இல் மறைந்த ஜுசெப்பே மாஜ்ஜோலினி என்ற மரப்பதிப்புக் கைவினைஞரின் வேலை இது என்று உரிமையாளரின் குடும்பத்தில் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். வட இத்தாலியில் நேர்கோட்டு வடிவமும், பல நிற மரத்துண்டுகளைப் பொருத்திச் செய்யும் மரப்பதிப்புச் சித்திரமும் கொண்ட பழைய பெட்டி எது விற்பனைக்கு வந்தாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். அதனால் அந்த நம்பிக்கையை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. பழுதடைந்திருந்தது மேற்பலகை, அதிலிருந்து தொடங்கினேன்.

பெட்டிக்கு மூன்று இழுப்பறைகள், கீழ்நோக்கிச் சிறுத்துச் செல்லும் நான்கு சதுரக் கால்கள். கைப்பிடிகளையும் சாவித்துளைத் தகடுகளையும் தவிர உலோக வேலை எதுவும் இல்லை. மேற்பலகையின் நடுவே ஒரு நீள்வட்டப் பதக்கம். அதற்குள் வயலின், புல்லாங்குழல், விரித்த இசைத்தாள் ஆகியவற்றை நாடாவால் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற சித்திரம். சுற்றிலும் வால்நட் மரத்தளம். விளிம்பை ஒட்டி அகாந்தஸ் என்ற செடியின் இலைச்சுருள்கள் ஓடும் பட்டை. பதக்கத்தின் ஓரத்தில் பூச்சாடியின் ஈரம் வட்டமாகப் படிந்து, வெனீர் எனப்படும் மெல்லிய மேல்மரத் தகடு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் தட்டினால் அந்த இடங்களில் கூடான ஒலி கேட்டது. பலகையின் நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடியது. இலைச்சுருள்களில் பல துண்டுகள் விழுந்துபோய், அந்தப் பள்ளங்களில் பழுப்பு மெழுகை நிரப்பி வைத்திருந்தார்கள்.

இத்தகைய பொருளைச் சீரமைக்கும்போது அது எந்த வட்டாரத்துப் பட்டறையில் உருவானது என்பதை முதலில் கணித்துக்கொள்வேன். அடிப்பலகைக்கு என்ன மரம், வெனீரின் தடிமன் எவ்வளவு, ரம்பம் எப்படி ஓடியது, நிழல் எப்படி இடப்பட்டது என்ற கேள்விகளுக்கு வட்டாரந்தோறும் விடை மாறும். மாற்றுத் துண்டை எப்படிச் செய்வது என்பது அந்த விடைகளைப் பொறுத்தது. மேலே தெரியும் சித்திரம் இந்தக் கணிப்புக்கு அவ்வளவாக உதவாது. மாஜ்ஜோலினிக்கு ஜுசெப்பே லெவாத்தி, ஆந்திரேயா அப்பியானி போன்ற ஓவியர்கள் வடிவம் வரைந்து கொடுத்தார்கள். அவருடைய பட்டறை வரைபடங்களில் பெருந்தொகுதி ஒன்று இன்று மிலானின் ஸ்ஃபோர்சா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே வரைபடம் பல பெட்டிகளில் திரும்பத் திரும்பப் பயன்பட்டது. மற்ற பட்டறைகளும் அதே பாணியில் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பாணி மீண்டும் விரும்பப்பட்டபோது புதிய பெட்டிகளும் ஏராளமாக வந்தன. தாளில் இருக்கும் சித்திரம் எந்த ஊருக்கும் போய்விடும். அடிப்பலகையை யாரும் எங்கிருந்தோ சுமந்துவர மாட்டார்கள். உள்ளூரில் கிடைத்த மரத்தைத்தான் போடுவார்கள்.

ஆகவே இழுப்பறைகளைக் கழற்றிவிட்டு, விளக்கை உள்ளே தாழ்த்திப் பிடித்து, மேற்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். உடற்பகுதி பாப்லர் மரம், இழுப்பறைகளின் அடித்தட்டுகள் ஃபிர் மரம். இரண்டும் போ ஆற்றுச் சமவெளியிலும் அதற்கு வடக்கே உள்ள மலைச்சரிவுகளிலும் தாராளமாகக் கிடைப்பவை. எழும்பியிருந்த வெனீர்த் துண்டு ஒன்றை மெல்லத் தூக்கி அதன் முதுகைப் பார்த்தபோது, ரம்பத்தின் கோடுகள் நேராகவும் ஒன்றுக்கொன்று சற்றே முரணாகவும் இருந்தன. வட்ட ரம்பம் விட்டுச்செல்லும் வில் வடிவக் கோடு எங்கும் இல்லை. தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கையால் அறுத்த தகடு என்பதற்கு இவை போதும். இயந்திரக் கத்தியால் சீவிய பிற்காலத் தகடாக இருந்தால் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டியிருக்காது. வெனீருக்கு அடியில் இருந்த பாப்லர் பரப்பில், பசை பிடிப்பதற்காகப் பல்வைத்த இழைப்புளியால் கீறிய நுண்கோடுகளும் தெளிவாக இருந்தன.

மற்ற வட்டாரங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டியின் இடம் இன்னும் தெளிவாகிறது. டூரினில், சவோய் அரசவைக்குப் பணிபுரிந்த பியெத்ரோ பிஃபெத்தியின் வேலையில் (1701–1777) மரம் பாதி என்றால் தந்தமும் முத்துச்சிப்பியும் ஆமையோடும் மறுபாதி; வளைந்து நெளியும் உடல்; பிரெஞ்சு அரசவைப் பாணியின் அண்டை வீடு அது. ஜெனோவா துறைமுக நகரம் என்பதால் கடல்வழி வந்த செவ்வூதா மரங்கள் அங்கே தட்டுப்பாடின்றிக் கிடைத்தன. அந்நகரப் பெட்டிகளில் வெளிறிய தளத்தில் ஊதா நரம்போடும் மரத்தை நான்கிதழ் வடிவமாகப் பொருத்துவார்கள்; மனித உருவமோ இசைக்கருவியோ அங்கே தேவைப்படவில்லை. பிளாரன்ஸின் கதை வேறு. முதலாம் ஃபெர்தினாந்தோ தெ மெதிச்சி 1588இல் நிறுவிய அரசுப் பட்டறைகளில் வண்ணக்கல் பதிப்பே முதன்மை பெற்றிருந்தது. அங்கே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணிபுரிந்த லெயோனார்தோ வான் தெர் வின்னே என்ற பிளெமிஷ் கைவினைஞர், தம் நாட்டுப் பூச்சித்திர மரபை மரத்தில் கொண்டுவந்தார். கருங்காலித் தளத்தில் துலிப்பும் ரோஜாவும் மலர்ந்து நிற்கும் அந்த மேசைகளைப் பார்த்தால், கல்லில் செய்வதை மரத்தில் செய்துபார்க்கும் போட்டி புலப்படும்.

மிலானைச் சுற்றியுள்ள லோம்பார்டியிலேயே இதற்கு முந்தைய இன்னொரு மரபு உண்டு. எலும்பு, கருமரம், வெண்மரம் ஆகியவற்றைச் சிறு முக்கோணங்களாகவும் நட்சத்திரங்களாகவும் கெட்டிப் பலகையில் பதிக்கும் இந்த வேலைக்கு பாவியா நகரத்துக் கார்த்தூசியத் துறவியர் மடத்தின் பெயரால் 'செர்த்தோசினா' என்று பெயர். அந்த மடத்தில் 1400ஐ ஒட்டி எம்பிரியாக்கி பட்டறை செய்துகொடுத்த எலும்புப் பலிபீடப் பலகை இன்றும் இருக்கிறது. செர்த்தோசினாவின் கணிதக் கோலங்களில் மத்தியதரைக் கடலின் கிழக்கு, தெற்குக் கரைகளின் இஸ்லாமியக் கைவினை வெளிப்படையாகவே தெரியும். வெனிஸ் வணிகம் அதற்கு வழி. மனித முயற்சியின் உச்சமாக நான் கருதுவது மத்திய இத்தாலியின் 15ஆம் நூற்றாண்டு வேலையைத்தான். குப்பியோ அரண்மனையிலிருந்து எடுத்துவரப்பட்டு இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள படிப்பறைச் சுவர்களில், பாதி திறந்த அலமாரிக் கதவும் அதன் நிழலும் மரத்துண்டுகளால் மட்டுமே ஆனவை. பார்ப்பவர் கை நீட்டிக் கதவை மூடப் போய்விடுவார்.

என் பெட்டி இவற்றில் எதுவும் இல்லை. உள்ளூர் மரம், நேரான உடல், உலோகம் தவிர்த்த முகப்பு, சித்திரத்தில் மட்டும் செலவழித்த உழைப்பு ஆகிய எல்லாம் பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களைப் பின்பற்றிய லோம்பார்டியின் நவசெவ்வியல் காலத்துக்குப் பொருந்துகின்றன. மாஜ்ஜோலினி 86 வகை மரங்களைக் கையாண்டார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஓவியர் வண்ணத்தைத் தேர்வதுபோல் அவர் மரத்தைத் தேர்ந்தார். இங்கே இருப்பவையோ வால்நட், மேப்பிள், பாக்ஸ்வுட், பேரி, கருஞ்சாயம் ஏற்றிய ஒரு மரம் ஆகியவையே. மீதி வேறுபாடுகளைச் சாயமும் சூடும் தருகின்றன. பக்கவாட்டுப் பலகைகளில் சித்திரமே இல்லை, வெறும் கோடிழைத்த வால்நட்தான். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவருடைய பாணியை நன்கறிந்த ஒரு சிறிய பட்டறையில் இது உருவானது என்பது என் கணிப்பு. உரிமையாளருக்கு இது உவப்பாக இல்லை. ஆனால் பெயர் போனதால் பெட்டியின் அழகு ஒரு நூலிழைகூடக் குறையவில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன்.

வேலைக்கு வருகிறேன். கால்களில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் இருந்தன. கீழே விரித்த கறுப்புத் தாளில் புதிய மாவு உதிர்ந்தது. மரத்துளைப் பூச்சி உயிரோடிருக்கும்போது மேலே நகாசு வேலை பார்ப்பதில் பயனில்லை. மருந்து செலுத்தினால் பழைய சாயத்திலும் மெருகிலும் கறை விழக்கூடும். ஆகவே பெட்டியைக் காற்றுப்புகாத உறையில் வைத்து, நைட்ரஜனைச் செலுத்தி, ஆக்சிஜனை மிகக் கீழே இறக்கி, சில வாரங்கள் அப்படியே விட்டோம். புழுவும் முட்டையும் மூச்சுத்திணறி இறந்துவிடும். மரத்துக்கு எதுவும் நேராது.

வெடிப்பின் காரணம் கண்ணுக்கு நேரே இருந்தது. மரப்பலகை அகலவாக்கில் சுருங்கி விரியும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. பழைய தச்சர் இதை அறிந்து பலகையின் அடியில் குறுக்குச் சட்டங்களைத் தளர்வாகப் பொருத்தியிருந்தார். பிற்காலத்தில் யாரோ அந்தச் சட்டங்களைத் திருகாணிகளால் இறுக்கிவிட்டார்கள். சூடேற்றிய அறையின் வறண்ட குளிர்காலத்தில் பாப்லர் சுருங்க முயன்றது, திருகாணிகள் விடவில்லை, பலகை தானே பிளந்துகொண்டது. திருகாணிகளைக் கழற்றி, சட்டங்களின் துளைகளை நீள்துளைகளாக்கி, மீண்டும் தளர்வாகப் பொருத்தினேன். ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடுள்ள அறையில் வைத்திருந்தபோது பிளவு பாதியளவு தானாகவே கூடிவந்தது. எஞ்சிய இடைவெளியில் பழைய பாப்லர் மரத்தின் மெல்லிய சீவல்களை, நரம்போட்டம் ஒத்துப்போகும்படி, ஒரு பக்கம் மட்டும் பசையிட்டுப் பொருத்தினேன். மக்கு இட்டு அடைப்பது விரைவான வழிதான். மரம் மறுபடி விரியும்போது அந்தக் கெட்டியான மக்கு பக்கத்து வெனீரை நசுக்கிவிடும் என்பதால் அந்த வழியில் போகவில்லை.

கொப்புளங்களுக்கு வச்சிரம்தான் மருந்து. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையால்தான் பழைய கைவினைஞர் ஒட்டினார். அது முழுதும் போய்விடவில்லை, ஈரமும் சூடும் பட்டால் மீண்டும் இளகும். ஊசிக்குழாயால் முதலில் சில துளி ஆல்கஹால் கலந்த வெந்நீரை விளிம்பு வழியாகச் செலுத்தினால், நீர் பரப்பில் முத்துமுத்தாக நின்றுவிடாமல் உள்ளே பரவும். ஆல்கஹால் மேற்பரப்பு மெருகில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டால் மெருகு கரையும். பிறகு நீர்த்த வச்சிரத்தைச் செலுத்தி, அறுபது பாகை அளவில் சூடாக்கிய கரண்டியால் மெல்ல அழுத்தி, மேலே பாலியெஸ்டர் படலம், கம்பளித் துண்டு, தட்டையான மரக்கட்டை என்று அடுக்கி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட்டேன். வச்சிரத்தைக் கொதிக்க விடக்கூடாது. எழுபது பாகையைத் தாண்டி நெடுநேரம் கிடந்தால் அதன் பிடிமானம் குன்றும். பதக்கத்தின் ஒரு மூலையில் முந்தைய சீரமைப்பில் வெள்ளைச் செயற்கைப் பசை இட்டிருந்தார்கள். அதை அசிட்டோன் கலந்த கூழால் மென்மையாக்கிச் சுரண்டி எடுப்பதற்கே, மற்ற எல்லாக் கொப்புளங்களுக்கும் ஆன நேரம் ஆயிற்று. கழற்ற முடியாத பசையைப் பழம்பொருளில் இடுவது அடுத்து வரப்போகும் சீரமைப்பாளரின் மேல் கடன் ஏற்றுவதாகும்.

விழுந்துபோன இலைகளைச் செய்வதே இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளத்திலிருந்து மெழுகை எடுத்தபின் ஒளிபுகும் படலத்தை மேலே வைத்து விளிம்பைக் கூர்மையான பென்சிலால் படியெடுத்தேன். புதிய துண்டு பள்ளத்துக்குப் பொருந்த வேண்டும். பள்ளத்தைத் துண்டுக்கு ஏற்பச் செதுக்கக்கூடாது. மேப்பிள் தகட்டை மிக மெல்லிய அலகு கொண்ட ஃபிரெட் ரம்பத்தால், கோட்டுக்குச் சற்று வெளியே, அலகைச் சிறிது சாய்த்துப் பிடித்து அறுத்து, பின்பு அரத்தால் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய துண்டுகளுக்கிடையே ரம்பம் விட்ட இடைவெளி சீராகவும் கருத்த பசை நிறைந்தும் இருந்தது. பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வீச்சில் அறுத்திருக்கிறார்கள். புதிய துண்டு இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தால் தனித்துத் தெரியும். எனவே அந்த மெல்லிய இடைவெளியை விட்டு, மரத்தூள் கலந்த வச்சிரத்தால் நிரப்பினேன்.

நிழலுக்கு மணல் வேண்டும். இரும்புத் தட்டில் நுண்மணலைச் சூடாக்கி, இலைத்துண்டின் ஒரு விளிம்பை அதற்குள் சில நொடிகள் செருகினால், விளிம்பு கருத்து உள்நோக்கி மெல்ல மங்கிச் செல்லும். தூரிகையால் இந்த வழுக்கலைக் கொண்டுவர முடியாது. தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே கருக்க வேண்டும், பரப்பைச் சமன் செய்யும்போது கொஞ்சம் போய்விடும். சூட்டில் மரம் சுருங்குவதால், ஒட்டும் முன் ஈரத்துணியில் சிறிது நேரம் வைத்து அளவை மீட்டுக்கொள்ள வேண்டும். கழன்ற பழைய இலை ஒன்றின் முதுகில் இன்னும் பளிச்சென்ற பச்சை இருந்தது, முகத்திலோ வெளிறிய பழுப்பு. 15ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் பச்சைக்காக ஒருவகைப் பூஞ்சை பிடித்து நிறம் மாறிய மரத்தைத் தேடி எடுத்தார்கள்; இங்கே இருப்பது சாயம், வெளிச்சத்தில் போய்விட்டது. உரிமையாளர் அந்தப் பச்சையைப் பார்த்து எல்லா இலைகளையும் அப்படியே ஆக்க முடியுமா என்று கேட்டார். முடியும், செய்யவில்லை. சுற்றியுள்ள வால்நட்டும் நிறம் மாறியிருக்கும்போது இலைகளை மட்டும் பழைய பச்சைக்குக் கொண்டுவந்தால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு வண்ணச்சேர்க்கைதான் கிடைக்கும். புதிய இலைகளை வெளிறிய முகத்துக்கு இணையாகவே, வெளிச்சம் தாங்கும் நீர்வண்ணத்தால் தொட்டு முடித்தேன்.

இலையின் நரம்புகளும் வயலினின் கம்பிகளும் ரம்பத்தால் வந்தவை அல்ல. உளிமுனையால் கீறிக் கருநிறக் கலவை நிரப்பிய கோடுகள். பழைய சுரண்டலில் இவற்றில் பல மறைந்துவிட்டன. அடிக்கோடு மங்கலாகவேனும் தெரிந்த இடங்களில் மட்டும் மையால் தொட்டேன். எதுவுமே தெரியாத இடங்களில் என் கற்பனையை எழுதவில்லை.

மேற்பலகையின் ஒரு மூலையில் மெல்லிய கோடாகப் பதித்த மரத்துக்குப் பதிலாக நுண்சதுரங்களால் ஆன பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்ததுதான் இந்தப் பெட்டி வைத்திருந்த வியப்பு. பல நிற மரக்குச்சிகளைக் கட்டாக ஒட்டி, கட்டைக் குறுக்கே சீவிச் சீவி எடுக்கும் பட்டை அது. ஒவ்வொரு சீவலிலும் அதே கோலம் வரும். 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய சொரெண்டோ நகரத்துப் பட்டறைகள் இத்தகைய பட்டைகளையும், ஆலிவ், ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களில் செய்த நடனக் காட்சிகள் கொண்ட பெட்டிகளையும் பயணிகளுக்கு விற்றுப் பேர்பெற்றன. 1886இல் அங்கே இதற்கெனக் கலைப்பள்ளியும் வந்தது. வடக்கில் பழுதான பெட்டிக்குத் தெற்கத்திப் பட்டையை யாரோ போட்டிருக்கிறார்கள். குறுக்குவெட்டு நரம்பு மேல்நோக்கி இருப்பதால் அது மெருகை அதிகம் குடித்துக் கருத்திருந்தது. எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்து, இருக்கட்டும் என்று விட்டேன். ஒட்டு உறுதியாக இருந்தது. பக்கத்து வெனீருக்குத் தீங்கில்லை. பெட்டியின் பயணத்துக்குச் சாட்சியாகவும் இருக்கிறது. சீரமைப்பு ஏட்டில் அதன் இடத்தை மட்டும் வரைந்து குறித்துக்கொண்டேன்.

மெருகைத் தொடுமுன் புறஊதா விளக்கில் பார்த்தேன். பலகை முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது: அரக்கு. சாவித்துளைத் தகட்டைக் கழற்றியபோது அதன் அடியில் மட்டும் பச்சை கலந்த மஞ்சள் ஒளி. பழைய மரப்பிசின் வார்னிஷின் எச்சம் அங்கே தப்பியிருக்கிறது. ஆகவே இந்தப் பளபளப்பு பெட்டி பிறந்தபோது இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவிய, அரக்கைத் துணிப்பொதியால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் வழக்கத்தோடு வந்திருக்கும். நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையை மொய்க்கும் அரக்குப் பூச்சியின் சுரப்பு, கப்பலேறி வந்து இங்கே மெருகாகியிருக்கிறது. அதை நீக்க வேண்டிய காரணம் இல்லை. மேலே படிந்திருந்த அழுக்கையும் மெழுகையும் மட்டும் பஞ்சில் தொட்ட டர்பன்டைன் மாற்றெண்ணெயால் சிறு சதுரம் சிறு சதுரமாக எடுத்தேன். நீர்வட்டம் இருந்த இடத்தில் நீர்த்த அரக்கைத் துணிப்பொதியால் மிக மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். மரநுண்துளைகளை அடைக்க, லிபாரித் தீவின் எரிமலைக் கல்லை அரைத்த நுரைக்கல் தூளை அதோடு தேய்த்தேன். வட்டம் முழுமையாக மறையவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று பார்த்தால் அதன் தடம் தெரியும். அதையும் போக்க வேண்டுமென்றால் பழைய வெனீரைச் சீவ வேண்டும், ஏற்கெனவே அந்த இடம் அரை மில்லிமீட்டராக மெலிந்திருக்கிறது.

பெட்டியை எடுத்துச்செல்ல வந்தபோது உரிமையாளருக்கு எழுதிக்கொடுத்தவை சிலவே: வெப்பமூட்டிக்கும் நேர் வெயிலுக்கும் எட்டி வைக்க வேண்டும், குளிர்காலத்தில் அறையின் ஈரப்பதத்தைக் கவனிக்க வேண்டும், தூசியை மென்தூரிகையால் எடுக்க வேண்டும், எழும்பிய முனை துணியில் மாட்டினால் துண்டு பெயர்ந்துவிடும், சிலிக்கான் கலந்த மெருகுத் தெளிப்பான் எதையும் பயன்படுத்தக்கூடாது, அது வெடிப்புகள் வழியே மரத்தில் இறங்கிவிட்டால் பிறகு எந்தப் பசையும் அரக்கும் அங்கே பிடிக்காது. பூச்சாடிக்கு வேறு மேசை பார்க்கச் சொன்னேன்.